விடுதலை அன்று, கைவிடல்

"விடுதி அறையைக் காலி செய்யுமுன் முயலை வேதாள் குன்றில் விடுதலை செய்துவிட்டேன்" என்றார் புனேயில் உடன் ஆய்வு செய்யும் நண்பரொருவர். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அந்தச் சொல்லை மறுக்கிறேன். அது விடுதலை அன்று, கைவிடல்.

தமிழின் 'முயல்', மராத்தியின் 'ஸசா' ஆகிய இரு சொற்களும் காட்டு விலங்கையும் கடையில் விற்கும் விலங்கையும் ஒருசேரக் குறிக்கின்றன. பெயர் ஒன்று, பேரினமோ வேறு. இந்தியக் காட்டுமுயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்த கூண்டுமுயலின் குட்டியோ மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கிறது. தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் உண்டு வாழ்ந்த அவ்விலங்கு, தக்காண வெயிலிலும் தெருநாய்களிடையேயும் பிழைக்க அறியாது.

'இயற்கையிடம் ஒப்படைத்தேன்' என்போர் இதற்குப் பின்னும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என வாதிடலாம். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதன்முறைத் தண்டம் 10 முதல் 50 ரூபாய் மட்டுமே. நம் மனச்சான்றின் விலையும் அவ்வளவுதானா?

மீட்போரின் சுமையையும் எண்ணுங்கள். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். கருத்தடை செய்யாமல் இணையாகத் தத்துக் கொடுத்தால், ஒரு மீட்பே பல கைவிடல்களுக்கு வித்தாகும்.

வளர்ப்பு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழக்கூடியது. நம் முனைவர் பட்ட ஆய்வைவிட நெடிய பொறுப்பு அது. ஏற்க இயலாதோர் வாங்காதீர்கள். இயல்வோர் கடையை விடுத்து, கைவிடப்பட்ட ஒன்றைத் தத்தெடுங்கள். இடையில் இயலாமற்போனால், குன்றில் விடாமல் பொறுப்பேற்கும் இன்னொரு கையில் கொடுங்கள்.