வீட்டுக்குள்ளே ஒரு வானொலி நிலையம்

"நெட் போய்விட்டது!"

இந்த இரண்டு வார்த்தைகள் போதும், அமைதியாக இருக்கும் வீட்டை அமர்க்களப்படுத்துவதற்கு. பிள்ளையின் பாடம் பாதியில் நிற்கிறது. மாமியார் பார்க்கும் தொடர் முக்கியமான கட்டத்தில் சுழலத் தொடங்குகிறது. அமெரிக்காவிலிருந்து பேசிக்கொண்டிருந்த பெண்ணின் முகம், திறந்த வாய் திறந்தபடி உறைந்து போகிறது. உடனே எல்லோருடைய பார்வையும் டி.வி.க்குப் பின்னால் முடங்கிக் கிடக்கும் சின்னப் பெட்டியின் மேல் விழுகிறது. ஒருவர் போய் அதைத் தட்டுகிறார். இன்னொருவர் ஒயரை ஆட்டிப் பார்க்கிறார். கடைசியில், "அவர் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்ற தீர்மானத்தோடு சபை கலைகிறது.

சகோதரிகளே, "அவர்" வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? காஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த உங்களுக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம்? அதிலும் இப்போது வீட்டில் இருந்தபடியே உத்தியோகம் பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நெட் என்பது பொழுதுபோக்கு அல்ல, மாதச் சம்பளம்.

ஒரே பெட்டி, மூன்று உத்தியோகம்

பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டி ஒன்று. ஆனால் அது பார்க்கும் வேலைகள் மூன்று. ஃபைபர் கம்பி வழியாக ஒளியாக வரும் செய்தியை வாங்கி, மின்சாரத்துக்குப் புரியும்படி மாற்றுவது முதல் வேலை. இதை மோடம் என்கிறோம். வீட்டிலுள்ள ஒவ்வொரு செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாச எண் கொடுத்து, யாருக்கு வந்த தபாலை யாரிடம் சேர்ப்பது என்று பார்த்துக்கொள்வது இரண்டாவது வேலை. இது ரூட்டர். மூன்றாவதுதான் ஆக்ஸஸ் பாயிண்ட். சுருக்கமாகச் சொன்னால், வீட்டுக்குள்ளே ஒரு குட்டி வானொலி நிலையம்.

ஒரு வித்தியாசம் உண்டு. வானொலி நிலையம் பேசும், நாம் கேட்போம். இதுவோ பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. ஒரே அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். குழாயடியில் ஒரே குழாய் இருந்தால் குடங்கள் வரிசையில் நிற்குமே, அதே கதைதான். வீட்டில் ஐந்து பேர் ஐந்து படம் பார்த்தால் ஏன் தடுமாறுகிறது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இந்த இடத்தில் ஒரு சினிமாச் செய்தி. ஹாலிவுட் அழகி ஹெடி லாமார் என்ற நடிகை, ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து 1942-ல் ஒரு காப்புரிமை பெற்றார். நீர்மூழ்கிக் குண்டுக்கு அனுப்பும் வானொலிக் கட்டளையை எதிரி குழப்பிவிடாதபடி, அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவச் செய்யும் யுக்தி அது. அந்த யுத்தத்தில் அது உபயோகப்படவில்லை. ஆனால் 1997-ல் வெளிவந்த வைஃபையின் முதல் விதிமுறையில், இப்படித் தாவும் முறையும் ஒன்றாக இடம் பெற்றது. இன்றைய வைஃபை வேறு முறைகளுக்கு மாறிவிட்டாலும், புளூடூத் இன்னமும் தாவிக்கொண்டுதான் இருக்கிறது. பெண்களுக்கும் வானொலி அலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

முதலில் நாடி பாருங்கள்

நெட் நின்றதும் பெட்டியைத் தட்டாதீர்கள். உங்கள் செல்போனை எடுத்துக்கொண்டு பெட்டியின் அருகிலேயே போய் நில்லுங்கள். அங்கே நன்றாக வருகிறதா? அப்படியானால் பெட்டியும் நலம், கம்பியும் நலம். குற்றம் நடுவிலுள்ள சுவர்களுடையது. அருகிலும் வரவில்லையா? அடுத்தவர் போனையும் பாருங்கள். உங்கள் போனில் மட்டும் வரவில்லை என்றால் நோய் உங்கள் போனில். அதிலுள்ள வைஃபை பெயரை அழித்துவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்தப் போனிலுமே வரவில்லை என்றால் பெட்டியின் விளக்குகளைக் கவனியுங்கள். விளக்கே எரியவில்லையா? பிளக்கையும் அடாப்டரையும் பாருங்கள். 'லாஸ்' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களுக்கு மேல் சிவப்பு விளக்கு மின்னுகிறதா? வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை. கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன், அந்த மெல்லிய ஃபைபர் கம்பி பீரோவுக்கு அடியில் நசுங்கியோ, மடங்கியோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடக்கினால் ஒளி தப்பிப் போகும். கம்பியைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தும் நெட் இல்லையா? பெட்டியை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து மறுபடி போடுங்கள். அது எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிஷமாவது ஆகும். அதற்குள் மறுபடியும் அணைக்காதீர்கள். இந்த மாதப் பணம் கட்டியாயிற்றா என்பதையும் ஒரு முறை யோசித்துக்கொள்வது நல்லது!

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துவாரம் இருக்கும். அதற்குள் ஊசியை விட்டு அழுத்தினால் எல்லா ஏற்பாடுகளும் அழிந்து, பெட்டி பிறந்தநாள் நிலைக்குப் போய்விடும். குழந்தைகள் கையில் ஊக்கு இருந்தால் ஜாக்கிரதை!

பின் அறை மருமகளின் கதை

ஒரு சாதாரண ஃபிளாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஹாலில் டி.வி.க்குப் பின்னால் இருக்கிறது. கம்பி போட வந்த பையனுக்கு அந்த இடம் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். மருமகளின் வேலை மேஜையோ கடைசி அறையில். நடுவே இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ, ஒரு குளியலறை. காரியாலயக் கூட்டத்தில் அவள் பேசத் தொடங்கினால் பாதிக் குரல்தான் போய்ச் சேருகிறது. நாளடைவில் அவளைப் பேசும்படி யாரும் அழைப்பதில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது, பேசாதவளின் பெயர் யாருக்கு நினைவிருக்கும்? இத்தனைக்கும் குற்றம் அவளுடையதல்ல. பெட்டி இருக்கும் இடத்தினுடையது!

இரும்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சிவிடும்; மீன் தொட்டியும் இதில் சேர்த்தி. ஆகவே பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும், அழகுக்காகத் தகரப் பெட்டியால் மூடுவதும் கூடாது. புது இணைப்பு வாங்கும்போதே, "கம்பியை நடு அறை வரை இழுத்து வைத்துவிட்டுப் போ, தம்பி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பெட்டி இரண்டு பெயர்களைக் காட்டினால் குழம்ப வேண்டாம். 2.4 என்ற அலை வினாடிக்கு 240 கோடி முறை அதிர்கிறது. அதற்கு வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும். 5 என்பது சுமார் 500 கோடி. வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஹாலில் படம் பார்ப்பவர்கள் 5-ஐ எடுத்துக்கொள்ளட்டும். தூரத்து அறைக்கு 2.4 போதும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் 245 கோடிக் கணக்கில்தான் இயங்குகிறது. பால் சுடும் நேரத்தில் மட்டும் போன் பேச்சு அறுந்தால் சந்தேகமே வேண்டாம், திருடன் சமையலறையில்தான் இருக்கிறான்! ஃபிளாட்டுகளில் பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் இடிக்கும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மூன்றுதான். அக்கம்பக்கத்தார் அதிகம் உபயோகிக்காத ஒன்றைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாவது பெட்டி வாங்கலாம். ரிபீட்டர் விலை குறைவு. ஆனால் சாதாரண ரிபீட்டர் கேட்டதைக் கேட்ட அலையிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதையும் சிக்னல் இல்லாத அறையில் வைத்துப் பயனில்லை. பாதி வழியில் வைக்க வேண்டும். ஹாலிலிருந்து ஒரு நெட் கேபிள் இழுத்து, பின் அறையில் ஆக்ஸஸ் பாயிண்ட் வைப்பதே உத்தமம். பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதையே வைக்கலாம். ஆனால் ஏற்பாடுகளில் 'ஆக்ஸஸ் பாயிண்ட் மோட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு விலாசம் கொடுக்கும். ஒரே வீட்டில் இரண்டு எஜமானிகள் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சாவி யாரிடம்?

எதிர் வீட்டுப் பையன் கேட்டான் என்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறோம். அவன் நண்பனுக்குக் கொடுக்கிறான். அவர்களில் யார் எந்த வம்பு செய்தாலும், வெளியில் அது உங்கள் வீட்டு இணைப்பாகவே தெரியும்; விசாரணை வந்தால் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். விருந்தாளிகளுக்கென்று தனிப் பெயர் வைக்கப் பல பெட்டிகளில் வசதி உண்டு, அதைக் கொடுங்கள். பெட்டியின் உள் ஏற்பாடுகளுக்கு என்று வேறொரு பாஸ்வேர்டும் இருக்கிறது. வாங்கி வந்தபோது இருந்ததையே விட்டுவைக்காமல் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, கஸ்டமர் நம்பர், கம்பெனியின் போன் நம்பர், இரண்டு பாஸ்வேர்டுகள், பணம் கட்ட வேண்டிய தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். அந்த நோட்டு இருக்கும் இடம் வீட்டிலுள்ள பெண்கள் அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த வாரம்: இன்வர்ட்டர் பாட்டரிக்கு எப்போது, எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?