பல்லுக்குக் கம்பி: எதற்கு அஞ்ச வேண்டும்?

வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் ஓரிருவர் உண்டு. எத்துப்பல், தெத்துப்பல், பல் நெரிசல் என்று காரணம் எதுவாக இருந்தாலும், “கம்பி போட்டுச் சரிசெய்துகொள்ளலாமே” என்று சொன்னதும் அவர்கள் தயங்குகிறார்கள். வலிக்கும், பல் ஆட்டம் கண்டுவிடும், கண் பார்வை கெடும், வகுப்பில் கேலி செய்வார்கள், செலவு தாங்காது. பெரிய காஞ்சிபுரத்திலும் மற்ற ஊர்களிலும் பிள்ளைகளும் பெற்றோரும் சொல்லும் காரணங்கள் இந்த ஐந்துதாம். இவற்றுள் முதல் நான்கும் விஷயம் தெரிந்தால் விலகிவிடக் கூடியவை. ஐந்தாவது மட்டுமே உண்மையான தடை. அதை நீக்கும் பொறுப்பு மாணவரைச் சேர்ந்தது அன்று, நம் எல்லோரையும் சேர்ந்தது என்பதே என் கருத்து.

முதலில், பல் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். சுவரில் அறைந்த ஆணியைப்போலப் பல் தாடை எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையில் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்த்திசு ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளும்போது, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்கின்றன. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பைக் கட்டும் செல்கள் வேலை செய்கின்றன. இவ்வாறு பல் மாதத்திற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. எலும்பு உயிருள்ள பொருள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தறியில் பாவு தளர்ந்திருந்தால் நெசவு சரியாக வராது. அளவுக்கு மீறி இழுத்தால் பட்டு இழை அறுந்துவிடும். பல்லுக்கும் அப்படித்தான். ஒரு பல்லை நகர்த்த 50 முதல் 100 கிராம் எடைக்குச் சமமான விசை போதும். அதற்கு மேல் அழுத்தினால் நார்த்திசுவில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பல் நகர்வது தாமதமாகுமே தவிர வேகமாகாது. 1970-களில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பி பல் சீரமைப்புக்கு வந்தது. வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும் இக்கம்பி, நீண்ட நாள் மென்மையாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் வலியே இராதா? இருக்கும். கம்பி மாட்டிய சில மணி நேரத்தில் தொடங்கும் மந்தமான வலி, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நாட்களில் இட்லியும் இடியாப்பமும் போதும். சிகிச்சை நடக்கும்போது பல் சற்று அசைவது இயல்பே. புதிய எலும்பு அமைந்ததும் மீண்டும் இறுகிவிடும். பல்லில் துளை போடுவார்களோ என்றும் அஞ்ச வேண்டாம். பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாக ஒட்டும் என்று மைக்கேல் புவனகோர் என்பவர் 1955-இல் காட்டினார். அந்த முறையில்தான் இன்று பல்லின்மேல் சிறு பிடிகளை ஒட்டுகிறார்கள்.

நெரிசல் மிகுந்த வாயில் இடம் உண்டாக்கச் சிலருக்கு ஓரிரு பற்களை எடுக்க நேரும். “மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்” என்று பாட்டி சொல்வார். பார்வையைக் கொண்டு செல்வது இரண்டாம் மூளை நரம்பு. பல்லின் உணர்ச்சியைக் கொண்டு செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. இரண்டும் வெவ்வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை.

கேலிக்கு வருவோம். கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவனை நாம் கேலி செய்வதில்லை. கம்பி போட்டவளை மட்டும் ஏன் செய்ய வேண்டும்? முன்துருத்திய பற்கள் விளையாட்டில் கீழே விழுந்தால் எளிதில் உடையும். நெருங்கிய பற்களைத் துலக்குவது கடினம். ஆகவே இது அழகுக்கு மட்டும் செய்யும் வேலை அன்று. அதே சமயம், கோணிய பல் ஒவ்வொன்றுக்கும் கம்பி தேவைப்படாது. தேவையா என்று சொல்ல வேண்டியவர் பல் சீரமைப்பு மருத்துவர்; பக்கத்து பெஞ்சு நண்பன் அல்லன்.

இனி, நியாயமாகக் கவலைப்பட வேண்டியவை சில உண்டு. சரியாகத் துலக்காவிட்டால் பிடிகளைச் சுற்றி வெள்ளைத் தழும்புகளும் சொத்தையும் உண்டாகும். முறுக்கு, கரும்பு, கமர்கட்டு ஆகியவற்றைக் கடித்தால் பிடி பெயர்ந்துவிடும். கம்பியைக் கழற்றியபின் மருத்துவர் தரும் தாங்குதட்டை அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இடைவெளியை மூடுவதாக நினைத்து முன்பற்களில் ரப்பர் வளையத்தைத் தாமே மாட்டிக்கொள்வது. அது ஈறுக்குள் நழுவி வேர்வரை ஏறி, பல்லையே விழச்செய்துவிடும்.

எஞ்சியிருப்பது செலவு. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புத் துறை இருக்கிறது. ஆனால் கம்பி ஒரே நாளில் முடியும் வேலையா? நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை என ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் போய்வர வேண்டும். இருபது தடவை என்றே வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். போக வர 150. இருபது தடவைக்கு 3,000 கிலோமீட்டர்! சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளர், மகளுடன் புறப்படும் ஒவ்வொரு முறையும் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். இத்தகைய வீடுகளில் “வேண்டாம்” என்று சொல்லவைப்பது அச்சம் அன்று, கணக்கு.

ஆகவே, கம்பியைப் பொருத்துவது கல்லூரியில் நடந்தாலும், மாதச் சோதனையேனும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள், பல் சீரமைப்பு மருத்துவரின் கையால் நடைபெற வேண்டும். பள்ளிகளில் நடக்கும் பல் பரிசோதனை சொத்தையைப் பார்ப்பதோடு நில்லாமல், பல் வரிசையையும் பார்க்க வேண்டும். நிலைப் பற்கள் பெரும்பாலும் முளைத்துவிடும் 12, 13 வயது அதற்கு ஏற்ற காலம்.

மாணவ நண்பர்களே, அச்சத்தை அறிவால் போக்கிக்கொள்வது உங்கள் வேலை. கம்பி போட்ட தோழரை வகுப்பில் கூசாமல் சிரிக்க விடுவதும் உங்கள் வேலையே. அவர் வீட்டுக்கு 3,000 கிலோமீட்டரைக் குறைத்துக் கொடுப்பது பெரியவர்களின் வேலை. அதை அவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.