மூடி சொல்லும் நிறம்

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பர் நம் பெரியோர். மாதிரி விமானங்களுக்குப் பூசும் பழைய வர்ணப் பேணிகளைச் சேர்த்து வைத்திருப்போருக்கு இதனினும் பொருத்தமான புத்திமதி வேறில்லை. வெள்ளை என்று எழுதிய பேணியைத் திறந்தால் உள்ளே இருப்பது பழுப்பேறிய தந்தத்தின் நிறமாக இருக்கும். எழுத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா?

இங்கிலாந்திலே ஹல் நகரில் 1919ஆம் ஆண்டு ஓர் எண்ணெய்க் கம்பனி தோன்றியது. ஹம்பர் ஆற்றின் பெயரைத் தாங்கிய அக்கம்பனியே பின்னர் ஹம்பிரோல் எனப் பெயர் பெற்று, 14 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னஞ்சிறு பேணிகளில் எனாமல் வர்ணத்தை அடைத்து விற்றது. எயர்பிக்ஸ் கம்பனியார் 1953இல் ஸ்பிற்பயர் விமானத்தின் பிளாஸ்ரிக் மாதிரியை வெளியிட்ட பின்னர், வீட்டு மேசைகளிலே விமானம் ஒட்டிய சிறுவர் பலர். அச்சிறுவர் இன்று பாட்டன்மார். அவர்கள் ஒட்டிய விமானமும், பாதி தீர்ந்த பேணிகளும் சப்பாத்துப் பெட்டிகளிற் கிடக்கின்றன. சிறகில் வர்ணம் உதிர்ந்த ஒரு விமானத்தைச் செப்பனிட மகன் விரும்புகிறான். ஆனால் அந்த வர்ணம் இப்போது விற்பனையில் இல்லை. இனி என் செய்வது?

முதலிற் பேணியின் வயதை அறிய வேண்டும். கடைக்காரர் ஒட்டிய விலை சிலிங்கிலும் பழைய பென்சிலும் இருக்குமாயின், பெரும்பாலும் அது 1971 பெப்ரவரி 15ஆந் திகதிக்கு முன் விற்பனைக்கு வந்தது எனலாம். அன்றுதான் பிரித்தானியா தசம நாணயத்துக்கு மாறியது. மூடியில் எண்ணுக்கு முன் எழுத்துகள் உளவா என்றும் நோக்குக. ஹம்பிரோலின் முந்திய வரிசை ஒன்றில் எச்.பி. என்றால் பிரித்தானிய விமான நிறம், எச்.ஜி. என்றால் ஜேர்மனியது, எச்.யூ. என்றால் அமெரிக்கரது. பின்னாளில் அவ்வெழுத்துகள் போய் வெறும் எண்களே நின்றன.

பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. பிரித்தானிய விமானப் படையினர் 1940இல் தம் போர் விமானங்களின் அடிப்புறத்துக்குத் தெரிந்த நிறத்தின் பெயர் 'ஸ்கை'. வானம் என்ற பெயரைக் கேட்டு நீலத்தைத் தேடுபவர் ஏமாந்து போவர். அது இளம் பச்சை சாயலுடையது.

ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. போர் விமான நிறங்கள் பல அரசாங்க அட்டவணைகளிற் பதிவாகியுள்ளன. பிரித்தானியரின் 381சி அட்டவணையில் 638 என்பது கருங்கடற் சாம்பல். அமெரிக்கர் 1956இல் வெளியிட்ட 595ஆம் அட்டவணையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து இலக்கங்கள். முதல் இலக்கம் பளபளப்பைக் குறிக்கும். இரண்டாவது நிறக் குடும்பத்தைக் குறிக்கும். 34087 என்றால், 3 பளபளப்பற்றது, 4 பச்சைக் குடும்பம். இத்தகைய நிறங்களின் பேணி மறைந்தாலும் நிறம் மறைவதில்லை. கம்பனியார் தாமே கலந்து தாமே பெயரிட்டவையே உண்மையில் தொலைந்துபோகும் நிறங்கள்.

பேணியைத் திறந்தவுடன் நிறத்தைத் தீர்மானிப்பதும் தவறு. எனாமலின் பாரமான நிறப்பொடி அடியிற் படியும். எண்ணெய் மேலே மிதக்கும். பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த தூளும் அடியிலேயே கிடக்கும். நன்கு கலக்காமற் பூசினால் மங்கலாக இருக்க வேண்டிய வர்ணம் மினுங்கும். ஆதலின் ஏட்டையும் மேற்படலத்தையும் எடுத்தெறிந்து, அடிவரை பொறுமையாகக் கலக்கி, வெள்ளை அட்டையிற் பூசி, முற்றாகக் காய்ந்த பின்னரே ஒப்பிட வேண்டும். எண்ணெய் வர்ணம் இருட்டிலிருந்தால் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் அம்மஞ்சள் ஓரளவு நீங்கும். பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்த மூடியின் பூச்சைச் சாட்சியாகக் கொள்ளலாகாமைக்குக் காரணம் இதுவே.

ஒப்பிடும் இடமும் முக்கியம். புடைவைக் கடையிலே சேலையை வாசலுக்குக் கொணர்ந்து பகல் வெளிச்சத்திற் பார்த்த பின்னரே விலை பேசுவர் நம் தாய்மார். அவர்களின் மதி நுட்பத்தை இங்கும் கைக்கொள்ளல் நன்று. மின்விளக்கின்கீழ் இணைந்து தோன்றும் இரு பச்சைகள் பகலிற் பிரிந்து நிற்பதுண்டு.

இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய மஞ்சள், செம்மஞ்சள், பச்சை வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றைச் சிறுவர் கையிற் கொடுத்தலும், காய்ந்த பூச்சை உரசித் தூசி கிளப்புதலும் ஆகா.

இனி, மகனின் விமானத்துக்கு வருவோம். அவன் தேடுவது எந்த நிறத்தை? தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த நிறத்தையா, அன்றித் தந்தையாரின் விமானத்தில் இன்று காணும் நிறத்தையா? இரண்டும் ஒன்றல்ல, பேணி முதுமையடைந்தது போலவே விமானமும் முதுமையடைந்துள்ளது. சரியான பேணியே கிடைத்தாலும் புதுப் பூச்சு பழைய சிறகில் ஒட்டுத் துணிபோல் தனித்துத் தெரியலாம். ஆகவே, திறவாத பேணி கிடைத்தால் அதை அப்படியே வைத்து, மூடியிலுள்ள எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளட்டும். அது பின்வருவோருக்குச் சான்றாகும். சிறகுக்கோ, இன்று கடையில் விற்கும் வர்ணங்களைச் சிறிது சிறிதாகக் கலந்து, பகல் வெளிச்சத்திற் சிறகின் அருகே பிடித்துப் பார்த்துப் பூசட்டும்.

தந்தையார் வாங்கிய நிறம் இன்னதென்று பேணி சொல்லும். அவர் விட்டுச் சென்ற நிறம் இன்னதென்று விமானமே சொல்லும்.