மீனாட்சிபுரத்துத் தமிழர் ‘புலம்பெயர்ந்தோர்’ அல்லர்

என் ஆய்வேட்டின் முன்வரைவை வாசித்த மூத்த பேராசிரியர் ஒருவர் தலைப்பில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: ‘மீனாட்சிபுரத்துத் தமிழர்’ என்பதை ‘மீனாட்சிபுரத்துப் புலம்பெயர் தமிழர்’ என மாற்ற வேண்டுமாம். ‘கேரளத்தில் தமிழர் வேறு எப்படி வந்திருக்க முடியும்?’ என்றும் கேட்டார். என் மறுப்பை இங்கே பொதுவில் வைக்கிறேன். பிழை அவர் ஒருவருடையதன்று, நம் துறையினுடையது.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், எல்லையைக் கடந்ததும் வருவது மீனாட்சிபுரம். அது அடங்கிய சித்தூர் வட்டம் கொச்சி அரசின் பகுதியாக இருந்து, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்தது. பக்கத்துப் பாலக்காடோ அப்போது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. கேரளம் என்னும் மாநிலம் பிறந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன்பே இம்மண்ணில் உழுது வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளை எங்கிருந்து, எந்த ஆண்டில் பெயர்ந்தவர்கள் என்று எழுதுவது?

இடுக்கி மலைகளின் கதை வேறு. அதை மறைக்க வேண்டியதில்லை. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்ச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டிச் சென்றனர். அவர்கள் வந்தவர்களே. ஆனால் லயத்து வீட்டில் பிறந்த நான்காம் தலைமுறைப் பெண்ணும் ‘வந்தவள்’தான் என்றால், அச்சொல் எத்தனை தலைமுறைக்குப் பின் காலாவதியாகும்?

வெறும் சொல்தானே என்று விட முடியாது. சான்றிதழ்கள் அச்சொல்லில்தான் தொங்குகின்றன. பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு, 1950 ஆகஸ்ட் 10இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே முன்னோர் இங்கு குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அந்நாளில் கேரளமே இல்லை. தோட்டக்காரனின் லயத்தில் ஒண்டியிருந்த தொழிலாளிக்கு நிலப் பத்திரம் ஏது? மாநிலத்துக்கே பிறப்புச் சான்று இல்லாத ஆண்டுக்கு, கூலியின் பேத்தி குடியிருப்புச் சான்று தர வேண்டும்!

களப்பணியில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். தமிழில் எழுதிய மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுத்தாராம். ‘மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. அது அவருக்குத் தெரியாது. உரிமையென்று கேட்கவும் அவருக்குத் துணிவில்லை. விருந்தாளி என்று ஆக்கப்பட்டவன் உரிமை கேட்பதில்லை, தயவைத்தான் எதிர்பார்க்கிறான். அவரே பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால், பேச்சில் கலந்த மலையாளத்தைக் கேட்டு ‘கேரளாக்காரர்’ என்கிறார்கள். இரு பக்கமும் அயலார்!

அயலார் என்னும் இச்சொல் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு, மானிடவியல் மாணவர்கள் படிக்கும் மேற்கு ஆப்பிரிக்காவே சான்று. கானா நகரங்களில் அயலார் குடியிருப்புக்கு ‘சோங்கோ’ என்று பெயர். பயணியர் தங்குமிடத்தைக் குறிக்கும் ஹௌசா சொல் அது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அயலாராகவே எண்ணப்பட்டனர். 1969 நவம்பரில் பிரதமர் புசியாவின் அரசு, குடியிருப்பு அனுமதி இல்லாத அயல்நாட்டார் இரண்டே வாரத்தில் வெளியேற ஆணையிட்டது. பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்த குடும்பங்களும் மூட்டை கட்டின. 1983இல் நைஜீரியா கானா நாட்டவரை இலட்சக்கணக்கில் விரட்டியது. மீனாட்சிபுரத்தில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை; இங்குள்ளோர் இந்தியக் குடிமக்கள். ஆனால் அங்கும் பேச்சில் புழங்கிய சொல்தான் முதலில் தாளில் ஏறியது, பிறகு ஆணையானது.

இது மலையாளிகள்மீதான புகாரன்று. அண்டை வீட்டு மலையாளியோடு இவர்களுக்குப் பகையில்லை. தண்ணீர்ச் சண்டை மூளும்போது மட்டும் எல்லைத் தமிழரை நினைத்துக்கொள்ளும் தமிழ்நாட்டு அறிஞர்களுக்கும், அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்ப ‘புலம்பெயர்ந்தோர்’ எனக் குறித்துவிட்டு நகரும் ஆய்வாளர்களுக்குமே இக்கேள்வி: அச்சொல்லை எழுதுமுன் அக்குடும்பம் பெயர்ந்த ஊரையும் ஆண்டையும் விசாரித்தீர்களா? விசாரித்தும் விடை இல்லையெனில் சொல்லை அடித்துவிடுங்கள்.

என் தலைப்பு மாறாது.