வெளியே நிற்கும் சுரூபம்

கத்தோலிக்கக் கிராமக் கோயில்களின் முற்றத்தில் நிற்கும் பாதுகாவலர் சுரூபங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு ஏளனங்கள் நெடுநாளாகப் புழங்கி வருகின்றன. இது விக்கிரக வழிபாடு, விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதை மீறும் செயல் என்பது ஒன்று. பெரும்பாலும் பிற கிறித்தவ சபையினரின் கூற்று இது. மற்றது கலை, இலக்கிய ஆர்வலர்களுடையது. ஐரோப்பிய முகமும் எனாமல் பளபளப்பும் கொண்ட இவ்வுருவங்களில் கலையும் இல்லை, இந்த மண்ணும் இல்லை என்பார்கள். இரண்டுமே பிழையானவை என்பது என் தரப்பு. அதைவிட முக்கியம், கேட்டாகவேண்டிய கேள்வியை இவ்விரண்டும் மறைத்துவிடுகின்றன என்பது.

விக்கிரகக் குற்றச்சாட்டுக்குத் திருச்சபை 787-இல் இரண்டாம் நிசேயா சங்கத்திலேயே பதில் சொல்லிவிட்டது. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது யாரைக் குறிக்கிறதோ அவரையே சேரும். ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது. சீர்திருத்த சபையினரோடு நிகழ்ந்த பெரும் மோதலுக்குப் பின் 1563-இல் திரெந்து சங்கம் இதையே மீண்டும் உறுதி செய்தது. இந்தப் பதிலை ஏற்க மறுக்கலாம். பதிலே இல்லை என்பதுபோலப் பேசுவது நேர்மையன்று. தமிழ்க் கத்தோலிக்கர் இவற்றைச் சிலை என்று சொல்வதைவிடச் சுரூபம் என்று சொல்வதே வழக்கம். வேறுபாட்டை அவர்களுடைய மொழியே அறிந்து வைத்திருக்கிறது.

இனி 'மண் இல்லை' என்பவர்களுக்கு. தொடையில் புண்ணும் அருகில் நாயுமாக நிற்கும் ஆரோக்கியநாதரும், மரத்தில் கட்டுண்டு அம்புகள் தைத்த உடலோடு நிற்கும் செபஸ்தியாரும் ஐரோப்பாவில் கொள்ளைநோய்க் காலத்துப் பாதுகாவலர்கள். காலராவையும் அம்மையையும் கண்டு அஞ்சி வாழ்ந்த ஒரு சமூகம் அவர்களை ஏற்றுக்கொண்டதில் என்ன அந்நியத்தன்மை இருக்கிறது? வெள்ளைக் குதிரையில் வாளோடு வரும் சந்தியாகப்பர் ஸ்பெயின் நாட்டில் மூர்களை வெட்டும் போர்வீரர். அந்தப் பகையைப் பற்றி நம் கிராமத்தார் கேள்விப்பட்டதுகூட இல்லை. அவர்கள் கண்டது குதிரையேறி ஊர் எல்லையைக் காக்கும் ஒரு காவலரை. அய்யனாரை அறிந்த கண்களுக்கு அவரை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை. அச்சில் வார்த்த முகம் ஐரோப்பியமாக இருக்கலாம். அதற்கு முன் வைக்கப்படும் உப்பும் மிளகும் ஐரோப்பாவினுடையவை அல்ல.

ஆகவே சுரூபம் இருக்கட்டுமா வேண்டாமா என்பது பிரச்சினையே அல்ல. சுரூபம் யாருடையது என்பதே பிரச்சினை.

கோயிலுக்கு உள்ளே நேரம் உண்டு, கதவு உண்டு, யார் எங்கே அமர்வது என்ற வழக்கமும் உண்டு. முற்றத்தில் நிற்கும் புனிதருக்கு இவை எதுவும் கிடையாது. எந்தச் சாதியினரும், எந்த மதத்தினரும், எந்நேரமும் வந்து ஒரு மெழுகுதிரி ஏற்றிச் செல்லலாம். ஒரு பங்கின் சொத்துக்களிலேயே மிகப் பொதுவானது அதுதான். ஆண்டு முழுவதும் இப்படி எல்லோருக்குமாக நிற்பவர், திருவிழா இரவில் சப்பரம் ஏறியதும் சில தெருக்களுக்கு மட்டுமே உரியவராகிவிடுகிறார். எல்லா ஊர்களிலும் இதுதான் நிலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னும் இப்படி நடக்கும் ஊர்கள் உண்டு என்பதை மறுக்க எவருக்கும் துணிவிராது. திருவிழா மரியாதைகளில் சாதி வரிசை எவ்வாறு நிலைநிறுத்தப்பட்டது, தலித் கிறித்தவர்கள் அதை எவ்வாறு எதிர்த்தார்கள் என்பதை மானுடவியலாளர் டேவிட் மோஸ் ராமநாதபுரப் பகுதிக் கிராமம் ஒன்றை முன்வைத்து 2012-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. முதலாவது, தெரு குறுகல். சப்பரத்தைச் சிறிதாகச் செய்துகொள்ளலாம், புனிதருக்கு மறுப்பிராது. இரண்டாவது, மரபு. வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் இரு சாதித் தொகுதிகளைப் பிரித்து நின்ற சுவரும் மரபுதான். 1910-இல் அது இடிக்கப்பட்டது. வழக்குகள் நடந்தன, கசப்பு இருந்தது, பங்கு அழிந்துவிடவில்லை. மூன்றாவது, கலவரம் வரும் என்பது. எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டது; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அந்த அச்சம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி கேட்டவர்களால் கலவரம் வந்தது என்று முடிவுகட்டுவது எளிது. கேட்கவேண்டிய நிலையில் ஒரு பகுதியினரைத் தலைமுறைகளாக வைத்திருந்தது யார்? ஒரு தரப்பு வாய்மூடி இருப்பதால் மட்டும் நிலைக்கும் அமைதியைக் காக்க ஒரு புனிதரை நிறுத்தி வைப்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

திருச்சபைக்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு அமைப்புச் சட்டத்தின் 32-ஆம் எண், வழிபாட்டுப் பணியும் திருநிலையும் தரும் வேறுபாடும் அரசு அதிகாரிகளுக்கு உரிய மரியாதையும் நீங்கலாக, தனி மனிதர் எவருக்கும், மக்கட் பிரிவு எதற்கும் திருவழிபாட்டில் சிறப்பு மரியாதை கூடாது என்கிறது. சப்பரப் பவனி திருவழிபாடு ஆகாது, அது வெறும் பக்தி முயற்சி என்று சிலர் நுணுக்கம் பேசக்கூடும். பலிபீடத்தின் முன் தவறாக இருப்பது கோயில் வாசலைத் தாண்டியதும் எப்படிச் சரியாகும்?

மேலும் ஒன்று. 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயர் நீக்கப்பட்டிருந்தது. விலங்கிட்ட கைகளோடு அவருடைய சுரூபங்கள் இப்போது பல கோயில் முற்றங்களில் எழுகின்றன. பீடத்தில் புனிதரின் பெயரைவிடப் பெரிதாக உபகாரியின் பெயரைப் பொறிக்கும் நம் வழக்கம் அங்கும் தொடரக்கூடும். பெயரில் சாதியைத் துறந்த ஒருவரைச் சாதித் தெருவில் மட்டும் சுமந்து செல்வதைவிட, அவரை முற்றத்திலேயே நிற்கவிடுவது மேல். அங்கேயாவது அவர் எல்லோரையும் பார்த்தபடி நிற்பார்.

விக்கிரகமா இல்லையா, கலையா இல்லையா என்ற விவாதங்களை இன்னும் நூறு ஆண்டுகள் நடத்தலாம். அதற்கு முன், அடுத்த திருவிழாவுக்கான பங்குப் பேரவைக் கூட்டத்தில் சப்பரம் செல்லும் பாதையை முதல் பொருளாக வையுங்கள். ஊரில் எந்தத் தெருவும் விடுபடக்கூடாது என்று தீர்மானம் எழுதுங்கள். அதில் கையெழுத்திட மறுப்பவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.