உளியைக் கீழ வைங்கண்ணே!

போன லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனா, அப்பா பைக்ல பின்சக்கரம் ஒரே ஆட்டம். கழட்டிப் பார்த்தோம். செயின் ஸ்ப்ராக்கெட் மாட்டுற டிரம்முல பேரிங் நொறுங்கிக் கிடக்கு. உள்வளையமும் குண்டும் கையோட வந்துடுச்சு. வெளிவளையம் மட்டும் வருவேனாங்குது.

மெக்கானிக் அண்ணன் உளியும் சுத்தியலுமா உட்கார்ந்தார். எனக்குப் பகீர்னுச்சு. வளையம் எஃகு, டிரம் அலுமினியம். உளி வழுக்கினா அடி வாங்குறது அலுமினியம்தான். அப்புறம் புது பேரிங் இறுகி உட்காராம, டிரம்முக்குள்ளயே சுத்தும். அதுல ஓட்டப்போறது எங்கப்பா!

டிரம்மைத் தூக்கிட்டு ராஜபாளையம் போனோம். 1936-லயே ராஜபாளையம் மில்ஸ் வந்த ஊராச்சே. மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயரான பெரியவர் ஒருத்தர், வளையத்தோட உள்பக்கம் சுத்திவர ஒரு கோடு வெல்டிங் வெச்சார். "ஆறட்டும் தம்பி"ன்னார். கவுத்தித் தட்டினார். டணக்! அவ்ளோதான். உருகின வெல்டிங் ஆறும்போது சுருங்கும். வளையத்தையும் சேர்த்து உள்ள இழுத்துடும்.

புதுசைப் போடவும் அடிதடி இல்ல. டிரம்மை 100 டிகிரி கிட்ட சூடாக்கினார். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். பேரிங் சமர்த்தா உள்ள போச்சு.

வெப்பத்துல உலோகம் விரியும்னு நானும் பரீட்சை எழுதி மார்க் வாங்கினவன்தான். உளியைப் பார்த்துப் பயப்படத் தெரிஞ்சுது, வேற வழி சொல்லத் தெரியலையே!

என்னைக் கேட்டா, அடிச்சு எடுக்கிறது சிக்கனமே இல்ல. அடுத்த தடவை வண்டியை விடும்போது, "எப்படிண்ணே எடுப்பீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.