தானத்திற்குப் பின்

ஆரணியில் பட்டு நெசவு பழகும் பிள்ளையிடம் தறியை ஒப்படைத்துவிட்டு, 'நெய்துகொள்' என்று எவரும் போய்விடுவதில்லை. அருகில் அமர்ந்து, அறுந்த இழையைப் பிணைக்கவும் கற்றுக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் இந்த நியாயத்தை மறந்துவிடுகிறோம்.

கடிதமும் கணக்கும் எழுத உதவும் 'லிப்ரே ஆபீஸ்' போன்ற கட்டற்ற மென்பொருள்கள் நம் வாசகசாலைகளுக்கும் அநாதை ஆசிரமங்களுக்கும் காசின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஆராயவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமை உண்டு. 1983-ஆம் வருஷத்தில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்தின் உயிர்நாடி இந்தச் சுதந்திரமே. இருந்தும் என்ன? மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர் போனபின் கணக்கெழுதுபவர் திகைக்கிறார்; ஒரே வாரத்தில் பழைய திருட்டுப் பிரதி திரும்பி வந்துவிடுகிறது!

கேரள சர்க்கார் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் புகுத்தியபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. அதனாலேயே அது அங்கு வேரூன்றியது. விழுப்புரத்திலும் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறார்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பட்டதாரிகள் ஆரணியில் இல்லையா?

மென்பொருளை இனி எவரும் தானம் செய்ய வேண்டியதில்லை. அது முன்னரே தானமாகிவிட்டது. இப்போது வேண்டியது வித்தியாதானம்.